ஏறும்போது எவ்வளவு திறக்கணும்? டர்போ விமானம் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் டர்போ இஞ்சின் (வெளிக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ பொருத்திய இஞ்சின்) விமானங்களைப் பற்றி ரெண்டு வரி எழுதப்போக, பாளையங்கோட்டையில் ஆரம்பித்து சங்கரன்கோவில் வரைக்கும் கடிதங்கள் வந்துவிட்டன. பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: மேலே ஏறும்போது இஞ்சின் சக்தியை எவ்வளவு வைப்பது, எப்போது குறைப்பது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த முறை முழுக்க இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, நான் வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் படிக்கிறேன், லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். டர்போ இல்லாத செஸ்னா என்ற சின்ன விமானத்தில் ஏறும்போது த்ராட்டிலை (இஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் லிவர்) முழுசாகத் திறந்தே வைத்திருப்போம். டர்போ விமானம் ஓட்டுகிற சீனியர் ஒருவர், "ஆயிரம் அடி தாண்டினதும் பவரைக் குறைச்சிடு, இஞ்சின் ரொம்ப நாள் உழைக்கும்" என்கிறார். இன்னொருவர், "குறைச்சாத்தான் சூடு ஏறும்" என்கிறார். யார் சொல்வது சரி? (பாளையங்கோட்டை)

பதில்: தம்பி, ரெண்டு பேர் சொல்வதும் பாதிப் பாதி சரி. அந்தப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஓட்டினால்தான் இஞ்சின் கெடுகிறது.

முதலில் உன் செஸ்னாவைப் பார். டர்போ இல்லாத இஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கிறது. 8,000 அடிக்குப் போனால் த்ராட்டில் முழுசாகத் திறந்திருந்தாலும் சுமார் 75 சதவீதம்தான் கிடைக்கும். அதாவது நீ கையே வைக்காமல் காற்றே உனக்காகச் சக்தியைக் குறைத்துக்கொடுத்துவிடுகிறது, சூடும் கூடவே குறைகிறது. டர்போவில் இந்தச் சலுகை கிடையாது. தரையில் எவ்வளவு சக்தியோ அதே சக்தி 15,000 அடியிலும் இருக்கும், அதே அளவு சூடும் உண்டாகும். ஆனால் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போகவேண்டிய வெளிக்காற்று மெலிந்துகொண்டே வருகிறது. 18,000 அடியில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் பாதிதான். மேலே குளிர்தானே என்று நினைக்கலாம், குளிர்தான், ஆனால் சிலிண்டரைத் தடவிக்கொண்டு போக அங்கே காற்று போதாது. அதோடு, மெலிந்த காற்றை டர்போ அழுத்தி உள்ளே தள்ளும்போது அந்தக் காற்றும் சூடாகிறது. வெளியே மைனஸ் 20 டிகிரி இருக்கும்போது கம்ப்ரஸரை விட்டு வரும் காற்று 80 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருப்பது சாதாரண விஷயம். அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இருந்தால் அந்தச் சூட்டில் ஒரு பகுதி குறையும், இல்லாவிட்டால் அப்படியே சிலிண்டருக்குள் போகும்.

சரி, அப்படியானால் சக்தியைக் குறைப்பது நல்லதுதானே? இங்கேதான் சிக்கல். பலர் குறைப்பது எப்படியென்றால், டேக்-ஆஃப் ஆனதும் மேனிஃபோல்ட் பிரஷர் (சிலிண்டருக்குப் போகும் காற்றின் அழுத்தம், பாதரச அங்குலத்தில் காட்டுவார்கள்) ரெண்டு மூணு அங்குலம் குறைகிற மாதிரி த்ராட்டிலை மட்டும் பின்னால் இழுத்துவிட்டு, மூக்கை அதே உயரத்தில் வைத்துக்கொண்டு மெல்ல ஏறுவது. த்ராட்டில் முழுசாகத் திறந்திருக்கும்போது கூடுதல் பெட்ரோல் போகிற மாதிரித்தான் பல இஞ்சின்களை அமைத்திருக்கிறார்கள். அந்தக் கூடுதல் பெட்ரோல் வீணாகப் போவதில்லை. கலவை கெட்டியாக இருந்தால் எரிவது நிதானமாகும், சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் தாழ்வாக இருக்கும், நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்துச் சிலிண்டரை அடிப்பது) வராது. நீ த்ராட்டிலைக் கொஞ்சம் இழுத்ததும் இந்தக் கூடுதல் பெட்ரோல் நின்றுபோகலாம், ஆனால் சக்தி பெரிதாகக் குறைந்திருக்காது. வேகமும் குறைவு, மேலே போய்ச் சேர நேரமும் அதிகம். இஞ்சினுக்கு உதவி செய்வதாக நினைத்து அதை அதிக நேரம் சூட்டில் வைத்திருக்கிறாய்.

என் கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். ஏறுவதற்கு ஒழுங்கான வழி ரெண்டு இருக்கிறது. ஒன்று, கையேடு அனுமதித்தால் முழுச் சக்தி, முழு ரிச் (பெட்ரோல் மிகுந்த கெட்டியான) கலவை, மூக்கைத் தாழ்த்தி நல்ல வேகம். இன்னொன்று, கையேட்டில் ஏறுவதற்கென்று எழுதியிருக்கிற மேனிஃபோல்ட் பிரஷர், ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), பெட்ரோல் ஓட்டம் மூன்றையும் ஒரே செட்டாக வைப்பது. மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற ரெண்டையும் நம் இஷ்டத்துக்கு வைக்கிற மூன்றாவது வழியைத்தான் நான் எதிர்க்கிறேன்.

சில இஞ்சின்களில் முழுச் சக்திக்கு நேர வரம்பே உண்டு. செஸ்னா டி210 பிற்கால மாடலில் 2,700 ஆர்.பி.எம்., 36.5 அங்குலம், 310 குதிரைசக்தி, இது 5 நிமிடம் மட்டும்தான். அதற்கப்புறம் 2,600, 35 அங்குலம், 285 குதிரைசக்தி, இதைத் தொடர்ந்து வைத்திருக்கலாம். இப்படி எழுதியிருந்தால் வாதத்துக்கே இடமில்லை, 5 நிமிடத்துக்குள் குறைத்தே ஆகவேண்டும். ஆனால் 300 அடியில், மரங்களுக்கு மேலே, சக்கரமும் இறக்கை ஃப்ளாப்பும் முழுசாக உள்ளே போகாமல் இருக்கும்போது கை போகக் கூடாது. பாதுகாப்பான உயரம் வரட்டும்.

குறைக்கும்போது முதலில் த்ராட்டில், பிறகு புரொப்பெல்லர் லிவர் (ஆர்.பி.எம்.மை மாற்றுவது), கடைசியில் மிக்ஸர் லிவர் (பெட்ரோல் கலவையை மாற்றுவது). கூட்டும்போது இதற்கு நேர் எதிர்: முதலில் மிக்ஸர், பிறகு புரொப்பெல்லர், அப்புறம்தான் த்ராட்டில். டர்போ இஞ்சினில் இந்த வரிசையைத் தவறவிட்டால், குறைந்த ஆர்.பி.எம்.மில் அழுத்தம் எகிறி சிலிண்டர் அடிவாங்கும்.

கண் எங்கே இருக்கவேண்டும் என்றால், சிலிண்டர் ஹெட் வெப்பநிலை முள்ளில். கான்டினென்டல் இஞ்சின்களில் சிவப்புக் கோடு (தாண்டக் கூடாத வரம்பு) பெரும்பாலும் 460 டிகிரி ஃபாரன்ஹீட், லைகமிங்கில் 500. ஆனால் சிவப்புக் கோடு வரைக்கும் போகலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. அலுமினியம் சூடேற ஏற வலு இழக்கும். 400-ஐ ஒட்டி வரும்போதே நீ ஏதாவது செய்திருக்கவேண்டும். முதலில் மூக்கைத் தாழ்த்து. அதிவேக ஏற்றத்துக்கான வேகத்தைவிட 20, 30 நாட் கூட்டினால் கவுலிங்குக்குள் (இஞ்சினை மூடியிருக்கும் கூடு) காற்று பாய்கிறது, நிமிடத்துக்கு நூறு இருநூறு அடி ஏற்றம் குறையும், குறைந்துவிட்டுப் போகட்டும். பிறகு கவுல் ஃப்ளாப் (அந்தக் கூட்டிலிருந்து சூடான காற்றை வெளியே விடும் கதவு) முழுசாகத் திறந்திருக்கிறதா என்று பார். பிறகு மிக்ஸர் முழு ரிச்சில் இருக்கிறதா என்று பார். இவ்வளவும் செய்தும் முள் இறங்காவிட்டால்தான் சக்தியில் கைவைக்கவேண்டும். இந்த வரிசையை மனப்பாடம் பண்ணிக்கொள்.

கேள்வி: நான் லாரி மெக்கானிக். செங்கோட்டை மலைப்பாதையில் கேரளாவுக்குப் போகிற லாரி எல்லாவற்றிலும் டர்போதான் இருக்கிறது. டிரைவர் மிதிக்கிறார், வண்டி ஏறுகிறது, அவ்வளவுதான். விமானத்தில் மட்டும் எதற்கு இவ்வளவு முள், இவ்வளவு கணக்கு? (தென்காசி)

பதில்: நல்ல கேள்வி. லாரியில் இருப்பது டீசல். டீசலில் காற்று எவ்வளவு அதிகமாகப் போனாலும் பெரிய கெடுதல் இல்லை, பெட்ரோல் இஞ்சினில் வருகிற மாதிரி நாக்கிங் வந்து பிஸ்டனை ஓட்டை போடாது. அதோடு ஆரியங்காவு ஏற்றத்தில் காற்று மெலிகிற அளவு கொஞ்சம்தான். விமானம் 20,000 அடிக்குப் போகிறது. அங்கே டர்போ சக்கரம் ரொம்ப அதிக வேகத்தில் சுற்றினால்தான் அதே அழுத்தம் வரும்.

அடிப்படை வேலை ரெண்டிலும் ஒன்றுதான். புகை வெளியேறும் வழியில் ஒரு டர்பைன், அதே தண்டில் மறுபக்கம் ஒரு கம்ப்ரஸர். நடுவே வேஸ்ட்கேட் என்று ஒரு கதவு. அது திறந்திருந்தால் புகை டர்பைனுக்குப் போகாமல் நேரே வெளியே போய்விடும், மூடியிருந்தால் முழுசும் டர்பைன் வழியாகப் போகும். தரையில் கதவு கொஞ்சம் திறந்திருக்கும். ஏற ஏற மூடிக்கொண்டே வரும். முழுசாக மூடிவிட்ட உயரம்தான் கிரிட்டிகல் ஆல்டிட்யூட். அதற்கு மேலே டர்போ விமானமும் உயர உயரச் சக்தி இழக்க ஆரம்பிக்கும்.

இந்தக் கதவை யார் கட்டுப்படுத்துகிறார் என்பதில்தான் விமானத்துக்கு விமானம் வித்தியாசம். சிலவற்றில் ஆயில் அழுத்தத்தால் தானாக நடக்கும், விமானிக்கு வேலை குறைவு. பைப்பர் செனெகா 2-ல் கதவே இல்லை என்று சொல்லலாம், ஒரு அளவில் நிலையாகத் திறந்தே வைத்திருக்கிறார்கள். அதில் தரையில் த்ராட்டிலை முழுசாகத் தள்ளினால் 40 அங்குல வரம்பைத் தாண்டிவிடும். அதனால் டேக்-ஆஃபில் பாதி வழியிலேயே கை நிற்கவேண்டும். ஏற ஏற அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும், விமானி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போகவேண்டும், ரெண்டு இஞ்சினுக்கும். ஒரு சுவாரசியம், அந்த இஞ்சின் தரையில் 200 குதிரைசக்தி, 12,000 அடியில் 215. மேலே வெளிக்காற்று மெலிந்திருப்பதால் புகை சுலபமாக வெளியே போகிறது, அதே 40 அங்குலத்துக்குக் கூடுதல் சக்தி கிடைக்கிறது. உங்கள் லாரியில் இப்படி ஒரு கணக்கு பார்க்கவேண்டிய அவசியமே வராது.

கேள்வி: மேனிஃபோல்ட் பிரஷர் அங்குலம், ஆர்.பி.எம்.மை நூறால் வகுத்த எண்ணைத் தாண்டக் கூடாது என்று சொல்கிறார்களே? 2,400 என்றால் 24 அங்குலம். (வள்ளியூர்)

பதில்: அது பொத்தாம்பொதுவான சொல். மேலே சொன்ன டி210-ஐயே பாருங்கள், 2,600-க்கு 35 அங்குலம், தொடர்ந்து ஓட்டலாம் என்று தயாரித்தவர்களே எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். இந்த விதிப்படி பார்த்தால் டர்போ விமானம் ஒன்றுகூடத் தரையை விட்டு எழும்ப முடியாது. எந்த ஆர்.பி.எம்.முக்கு எவ்வளவு அழுத்தம் வரை போகலாம் என்று கையேட்டில் அட்டவணை இருக்கும், அதுதான் எல்லை.

கேள்வி: அம்பையிலிருந்து பார்த்தால் பொதிகை மலை எதிரே நிற்கிறது. அதைத் தாண்ட டர்போ விமானம் வேண்டுமா? (அம்பாசமுத்திரம்)

பதில்: அகத்தியர் மலை 1,868 மீட்டர், ஏறக்குறைய 6,130 அடி. உச்சிக்கு மேல் ரெண்டாயிரம் அடி இடைவெளி வைத்தாலும் 8,000 அடி சொச்சம்தான், சாதாரண செஸ்னாவே போகும். மலையைவிட காற்றுக்குத்தான் பயப்படவேண்டும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று கேரளப் பக்கமிருந்து ஏறி வந்து நம் பக்கம் சரிந்து இறங்குகிறது. குற்றாலத்தில் சாரல் என்று நாம் சந்தோஷப்படுகிற அதே காற்று, சரிவை ஒட்டிப் பறக்கிற சின்ன விமானத்தைக் கீழே அமுக்கும். கீழ்நோக்கிய காற்று நிமிடத்துக்கு ஆயிரம் அடி இறங்கினால் டர்போ இருந்தாலும் திணறத்தான் செய்யும். மலையை நேர்க்குநேர் அணுகாமல் சாய்வாக, 45 டிகிரியில் அணுகினால், சரிப்படாவிட்டால் உடனே திரும்பிவிடலாம். உயரத்தைச் சமவெளியிலேயே, அம்பைக்கு ரொம்பக் கிழக்கே வைத்தே எடுத்துவிடவேண்டும்.

டர்போ உண்மையிலேயே உதவுவது நம் சித்திரை, வைகாசி வெயிலில். 40 டிகிரி அடிக்கிற நாளில் தரையிலேயே காற்றின் அடர்த்தி சுமார் 3,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். டர்போ இல்லாத இஞ்சின் புறப்படும்போதே ஒன்பது பத்து சதவீதத்தை இழந்து நிற்கும், டர்போ பெரும்பாலும் இழக்காது. ஆனால் இறக்கைக்கு டர்போ கிடையாது, ஓடுபாதையில் ஓடவேண்டிய தூரம் டர்போ விமானத்துக்கும் கூடத்தான் செய்யும். அப்புறம், வெயிலில் நின்று, ஓடுபாதை வரைக்கும் தரையில் ஓட்டி, வரிசையில் காத்திருந்து சிலிண்டர்கள் ஏற்கெனவே கொதித்திருக்கும். முதல் மூணு நாலாயிரம் அடி அந்தச் சூட்டோடுதான் ஏறுகிறோம். அந்த நேரத்தில் வேகம் முக்கியம், ஏற்றம் ரெண்டாவது.

கேள்வி: குளிர்காலத்தில், காலையில் முதல் டேக்-ஆஃபில் மேனிஃபோல்ட் பிரஷர் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. இஞ்சினில் கோளாறா? (தூத்துக்குடி, வெளிமாநிலத்தில் பயிற்சி)

பதில்: வேஸ்ட்கேட் ஆயில் அழுத்தத்தால் நகர்கிற விமானமாக இருக்கும். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருந்தால் கதவு மெதுவாக நகரும். நீங்கள் த்ராட்டிலைப் படக்கென்று தள்ளியிருந்தால் அழுத்தம் எகிறிவிடும், கதவு திறந்ததும் இறங்கிவிடும். ஆயில் வெப்பநிலை முள் பச்சைப் பகுதிக்கு வரும் வரை காத்திருங்கள், த்ராட்டிலை மூணு நாலு விநாடி எடுத்து நிதானமாகத் தள்ளுங்கள், கடைசி ரெண்டு அங்குலத்தை முள்ளைப் பார்த்துக்கொண்டே வையுங்கள். ஆனால் நடந்ததை மறைக்காமல் எழுதிவையுங்கள். எவ்வளவு தாண்டியது, எத்தனை விநாடி என்பதைப் பொறுத்து இஞ்சினைச் சோதிக்கவேண்டுமா என்று பராமரிப்புக் கையேடு சொல்லும். அதை முடிவு செய்யவேண்டியது பொறியாளர், நீங்களோ பயிற்றுநரோ இல்லை.

கேள்வி: ரொம்ப உயரத்தில் ஏறும்போது த்ராட்டிலைத் தொடாமலேயே அழுத்தம் மேலும் கீழும் ஆடுவதாகப் படித்தேன். ஏன்? (நாங்குநேரி)

பதில்: வேஸ்ட்கேட் முழுசாக மூடிவிட்டது என்று அர்த்தம். சரிசெய்ய அதனிடம் மிச்சம் ஒன்றுமில்லை. புகை கொஞ்சம் குறைந்தால் டர்பைன் மெதுவாகும், அழுத்தம் குறையும், அதனால் புகை இன்னும் குறையும். ஒன்று ஒன்றை இழுத்துக்கொண்டே போகும். ஆங்கிலத்தில் இதை பூட்ஸ்ட்ராப்பிங் என்பார்கள். த்ராட்டிலை வைத்துத் துரத்தினால் ஆட்டம் கூடும். ஆர்.பி.எம்.மைக் கொஞ்சம் கூட்டினால் புகை அதிகமாகி நிலைக்கும், இல்லையென்றால் கொஞ்சம் கீழே இறங்கிவிடலாம்.

அந்த உயரத்தில் வேறு ரெண்டு விஷயமும் உண்டு. வெயில் நாளில் சூடான டேங்கோடு வேகமாக ஏறினால் பெட்ரோல் குழாயில் ஆவி கட்டி, பெட்ரோல் ஓட்ட முள் நடுங்கும். அதற்குத்தான் பூஸ்ட் பம்ப் (பெட்ரோலை அழுத்தித் தள்ளும் துணைப் பம்ப்), கையேடு சொல்கிற நிலையில் போட்டுவிடவேண்டும். அப்புறம் மெலிந்த காற்றில் மேக்னெட்டோவுக்குள்ளேயே (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் கருவி) தீப்பொறி தாவிவிடும் என்பதால், உயரே போகிற விமானங்களில் மேக்னெட்டோவுக்கும் அழுத்தக் காற்று கொடுக்கிறார்கள். அங்கே இஞ்சின் தடுமாறினால் எல்லாரும் டர்போவைச் சந்தேகப்படுவார்கள், பல சமயம் காரணம் மேக்னெட்டோவாக இருக்கும்.

இஞ்சினுக்கு டர்போ இருக்கிறது, விமானிக்கு இல்லை. 10,000 அடி தாண்டும்போதே ஆக்சிஜன் நினைப்பு வரவேண்டும், கேபின் அழுத்தம் இல்லாத விமானத்தில் குழாயை முன்கூட்டியே மாட்டிக்கொள்ளுங்கள். மூளை மந்தமாவது மந்தமாகிறவருக்குத் தெரியாது.

கேள்வி: மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கிற ராக்கெட் இஞ்சினில் டர்போ பம்ப் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? (காவல்கிணறு)

பதில்: டர்பைன் சுற்றி இன்னொன்றைச் சுற்றவைக்கிறது என்பது மட்டும்தான் ஒற்றுமை. விகாஸ் இஞ்சினில் தனியாக ஒரு சின்ன அறையில் வாயு உண்டாக்கி அதனால் டர்பைனைச் சுற்றவைக்கிறார்கள், அது திரவ எரிபொருளைத் தள்ளுகிற பம்புகளை ஓட்டுகிறது. ராக்கெட் வெளிக்காற்றை எடுத்துக்கொள்வதே இல்லை.

கேள்வி: கயத்தாறு பக்கத்துப் பழைய ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தது என்பார்கள். அந்தக் காலத்திலேயே டர்போ இருந்ததா? (கயத்தாறு)

பதில்: அதற்கும் முன்னாலேயே இருந்தது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பூஹி 1905-லேயே காப்புரிமை வாங்கினார். 1918-ல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் ஒரு லிபர்ட்டி இஞ்சினை பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு, ஏறக்குறைய 14,000 அடிக்கு ஏற்றிக்கொண்டு போய் டர்போவோடும் டர்போ இல்லாமலும் ஓட்டிக் காட்டினார். 1920-ல் ருடால்ஃப் ஷ்ரோடர் டர்போ பொருத்திய விமானத்தில் 33,113 அடி தொட்டார். போர்க்காலத்தில் பி-17, பி-24 லிபரேட்டர், பி-47 (P-47) தண்டர்போல்ட் எல்லாமே டர்போதான். இந்தியாவில் விட்டுப்போன லிபரேட்டர்களை எச்.ஏ.எல். பழுதுபார்த்துக் கொடுக்க, நம் விமானப்படை 1968 வரை ஓட்டியது.

கேள்வி: என் மகள் டைமண்ட் டிஏ40 என்.ஜி. விமானத்தில் பயிற்சி எடுக்கிறாள். அதில் மிக்ஸர் இல்லை, புரொப்பெல்லர் லிவர் இல்லை, ஒரே ஒரு லிவர்தான் என்கிறாள். அப்படியென்றால் இந்தக் கணக்கெல்லாம் அவள் படிக்கவேண்டாமா? (சங்கரன்கோவில்)

பதில்: அது டர்போ டீசல், ஐயா. தென்காசி மெக்கானிக் அண்ணாச்சி சொன்ன லாரிக்கு நெருங்கிய சொந்தம். வேஸ்ட்கேட், பெட்ரோல் அளவு, புரொப்பெல்லர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. மேனிஃபோல்ட் பிரஷருக்குப் பதில் லோட் என்று சதவீதத்தில் காட்டும். 100 சதவீதம், 168 குதிரைசக்தி, 5 நிமிடம் வரை. அதற்கப்புறம் 92 சதவீதம். ஏறும்போது அவள் நினைவில் வைக்கவேண்டிய எண் இந்த 92. தண்ணீர் குளிர்விக்கிற இஞ்சின் என்பதால் கூலன்ட் வெப்பநிலை, ஆயில் வெப்பநிலை, கியர்பாக்ஸ் வெப்பநிலை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது மஞ்சளுக்குப் போனால் மூக்கைத் தாழ்த்தி வேகம் கூட்டுவது அதிலும் அப்படியேதான்.

ஆனால் படிக்கவேண்டாமா என்று கேட்டால், கட்டாயம் படிக்கவேண்டும். லைசென்ஸ் எடுத்தபிறகு மூன்று லிவர் உள்ள விமானத்தில் அவளை உட்காரவைத்தால், எந்த லிவரை முதலில் தொடுவது என்று யோசிக்க அங்கே நேரம் இருக்காது. பள்ளியில் பெட்ரோல் டர்போ விமானத்தின் கையேடு ஒன்று கட்டாயம் இருக்கும். ஏறுவது பற்றிய பக்கங்களையும் இஞ்சின் வரம்புகள் பக்கத்தையும் இப்போதே வாங்கிப் படித்துவிடச் சொல்லுங்கள்.